மெலிந்த எலும்பில் ஸ்க்ரூ நிற்க சிமெண்ட் எதற்கு?

கேட்டிருந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 71 வயது. கீழ் முதுகில் நான்காவது எலும்பு ஐந்தாவதின் மேல் முன்பக்கமாக நழுவி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. ஆபரேஷன் செய்து நான்கு ஸ்க்ரூ போட வேண்டும் என்கிறார்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்ட எண்) மைனஸ் 3.2. எலும்பு வலுவில்லாததால் ஸ்க்ரூ வழியாகவே சிமெண்ட் செலுத்தப்போவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். அது என்ன சிமெண்ட், உள்ளே போனால் என்ன ஆகும், எலும்பாகவே மாறிவிடும் சிமெண்ட் இருக்கிறதாமே, அதைப் போட்டால் என்ன?

நான் முதுகெலும்பு ஆபரேஷன் செய்கிறவன். இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருமுறையாவது என் அறையில் வரும். அங்கே ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது. இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

பழைய வீட்டுக் கதவில் கீல் ஆடிப்போயிருக்கும். ஸ்க்ரூவைத் திருகினால் பிடிக்காமல் சும்மா சுற்றும். ஆசாரி வந்து தீக்குச்சியை ஒடித்து, ஃபெவிகால் தடவி அந்த ஓட்டையில் செருகி, அதே ஸ்க்ரூவை மறுபடி முடுக்குவார். ஸ்க்ரூ மாறவில்லை, கதவும் மாறவில்லை. மரை பிடிப்பதற்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அம்மாவின் டாக்டர் செய்யப்போவதும் இதுதான்.

முதுகெலும்பின் உட்புறம் கெட்டியாக இருக்காது. மெல்லிய எலும்பு இழைகள் நெடுக்கும் குறுக்குமாகப் பின்னிய வலை அது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலியும் நோய், வரும்போது அந்தச் சாரத்தின் குறுக்குக் கழிகள்தான் முதலில் காணாமல் போகின்றன. நெட்டுக் கழிகள் நிற்கும், ஆனால் ஒன்றை ஒன்று தாங்காது. அந்த இடத்தில் ஸ்க்ரூவை இறக்கினால் அதன் மரைகளுக்கு நடுவில் எலும்பைவிட கொழுப்பும் மஜ்ஜையும்தான் அதிகம் சிக்கும். (நம் ஊரில் மூட்டு வலியையும் இதையும் சேர்த்து 'எலும்புத் தேய்மானம்' என்றே சொல்லிவிடுகிறார்கள். மூட்டுத் தேய்மானம் வேறு, எலும்புப்புரை வேறு. மருந்தும் வேறு.)

அப்புறம் ஒரு விஷயம். மெலிந்த எலும்பில் ஸ்க்ரூ ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வருவது அபூர்வம். சுவரில் அடித்த ஆணியை எப்படிப் பிடுங்குவோம்? முன்னும் பின்னும் ஆட்டி, ஓட்டையைப் பெரிதாக்கி, பிறகு உருவுவோம். அம்மா எழும்போதும் உட்காரும்போதும் நடக்கும்போதும் ஸ்க்ரூவின் நுனி உள்ளே அப்படித்தான் இம்மி இம்மியாக ஆடும். ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தெரியும். தளர்ந்துவிட்டது என்று பொருள். ஆபரேஷனின் நோக்கமே நான்காவது எலும்பும் ஐந்தாவதும் ஒன்றாக ஒட்ட வேண்டும் என்பதுதான், ஸ்க்ரூ அதுவரை பிடித்துக்கொள்வதற்கு. அதற்குள் இரண்டு எலும்பும் ஒட்டியிருந்தால் பிரச்சினை இல்லை. ஒட்டவில்லை என்றால் மறுபடி ஆபரேஷன். சிமெண்ட் தடுக்க வேண்டியது இந்த ஆட்டத்தைத்தான்.

டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994ல் வைத்த அளவு. அம்மாவுடையது அதையும் தாண்டிக் கீழே போயிருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். வயதானவர்களின் முதுகெலும்பில் ஓரங்களில் முள் மாதிரி எலும்பு வளர்ந்திருந்தால் டெக்ஸா அதையும் எலும்புக் கணக்கில் சேர்த்துவிடும். அதனால் முதுகின் எண் நிஜத்தைவிட நன்றாகத் தெரியும். ஆபரேஷனுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே அந்த எலும்பின் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் பார்க்கலாம், தனிச் செலவு கிடையாது. டாக்டர் பார்த்தாரா என்று கேளுங்கள். இடுப்பு எலும்பின் டி-ஸ்கோரையும் கேளுங்கள்.

இப்போது சிமெண்ட். வீடு கட்டும் சிமெண்ட் அல்ல. இதன் பெயர் பாலிமெத்தில் மெத்தக்ரிலேட், சுருக்கமாக பி.எம்.எம்.ஏ. ஒருவகை அக்ரிலிக் பிளாஸ்டிக். பல்செட்டின் இளஞ்சிவப்பு அடித்தட்டு இதே குடும்பம். உடையாத கண்ணாடி என்று விற்கும் பெர்ஸ்பெக்ஸ் ஷீட்டும் இதுதான். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1958ல் இடுப்பு மூட்டு மாற்றுக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கினார். அந்த யோசனையே பல் மருத்துவத்திலிருந்து வந்ததுதான். சார்ன்லி அழுத்திச் சொன்ன ஒரு விஷயம் இன்றைக்கும் பலருக்குத் தெரிவதில்லை: இது பசை அல்ல. எதையும் ஒட்டாது. டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் கலவை போல, எலும்பு இழைகளின் சந்துகளுக்குள் புகுந்து அங்கேயே இறுகி, வேர் பிடித்த மாதிரி நிற்கும். பிடிப்பு எல்லாம் அந்தப் புகுதலில்தான் இருக்கிறது.

ஒரு பாக்கெட்டில் பொடி, ஒரு சின்னக் குப்பியில் திரவம். இரண்டையும் கலந்தவுடன் வினை ஆரம்பித்துவிடும். குப்பியை உடைத்ததும் தியேட்டர் முழுக்க ஒரு காரமான நெடி வரும், எங்கள் எல்லோருக்கும் பழகிய நெடி. பொடியில் பேரியம் சல்பேட் போன்ற ஒன்று கலந்திருக்கும். அது இல்லாவிட்டால் இந்த பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. முதுகெலும்புக்கான சிமெண்டில் அதைக் கூடுதலாகவே சேர்ப்பார்கள், ஏனென்றால் இங்கே துளி நகர்ந்தாலும் கண்ணில் பட்டாக வேண்டும்.

ஸ்க்ரூவும் சாதாரண ஸ்க்ரூ இல்லை. நடுவில் குழாய் போல ஓட்டை, நுனிக்கு அருகே பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள். ஸ்க்ரூவை முதலில் முழுதாக இறக்கிவிட்டு, பிறகு தலைப்பக்கத்திலிருந்து சிமெண்டைத் தள்ளினால் அது நுனித் துளைகள் வழியாக வெளியேறி எலும்பின் முன்பாதியில் ஒரு சிறு உருண்டையாகத் திரளும். துளைகள் நுனியில் இருப்பதற்குக் காரணம், எலும்பின் பின்பக்கம் உடனடியாக நரம்புக் குழாய் இருப்பது.

எல்லாமே பதத்தில்தான் இருக்கிறது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கலந்தவுடன் சிமெண்ட் ரசம் மாதிரி ஓடும். பிறகு இட்லி மாவு. பிறகு பற்பசை. பிறகு சப்பாத்தி மாவு. கடைசியில் கல். இந்த முழுப் பயணமும் பத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள், தயாரிப்புக்குத் தகுந்த மாதிரி. ரசமாக இருக்கும்போது தள்ளினால் இரத்தக் குழாயைத் தேடி ஓடிவிடும். சப்பாத்தி மாவாகும் வரை காத்திருந்தால் ஸ்க்ரூவின் மெல்லிய குழாய்க்குள்ளேயே இறுகிக்கொள்ளும். பற்பசைப் பதம்தான் வேண்டும். சிரிஞ்சு நுனியில் கொஞ்சம் பிதுக்கிப் பார்த்தால் கீழே சொட்டாமல் சுருண்டு நிற்க வேண்டும். அந்தப் பதம் வரும் வரை கைகட்டிக் காத்திருப்பதுதான் இந்த வேலையில் இளம் டாக்டர்களுக்கு மிகக் கடினமான பாடம் என்று நினைக்கிறேன்.

அறையின் வெப்பமும் இதில் சேர்த்தி. சூட்டில் சீக்கிரம் இறுகும், குளிரில் மெதுவாக. நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு கத்திரி வெயில் நாளில் தியேட்டர் ஏ.சி. சரியாக வேலை செய்யவில்லை. வழக்கமான கடிகாரக் கணக்கிலேயே போய்க்கொண்டிருந்தோம். இரண்டு ஸ்க்ரூ முடித்து மூன்றாவதற்கு வருவதற்குள் சிரிஞ்சில் இருந்தது கல்லாகிவிட்டது. இன்னொரு பாக்கெட் உடைத்துத்தான் முடித்தோம். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கடிகாரத்தை நம்பக் கூடாது, கையில் உள்ள சிமெண்டைத்தான் பார்க்க வேண்டும் என்பது அன்றைக்கு மனதில் பதிந்தது. இன்றும் முந்தைய நாளே பாக்கெட்டைக் குளிர்ந்த அறையில் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

எவ்வளவு போட வேண்டும்? ஒரு ஸ்க்ரூவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மி.லி. பெரும்பாலும் போதும். அரை டீஸ்பூன்கூட வராது. நிறையப் போட்டால் நிறையப் பிடிக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. பிணங்களின் எலும்பில் செய்த இழுப்புச் சோதனைகளில் சிமெண்ட் போட்ட ஸ்க்ரூ, போடாததைவிட இரண்டு மடங்கு வரையும் சிலவற்றில் அதற்கு மேலும் தாங்கியிருக்கிறது. ஆனால் ஓரளவுக்கு மேல் சிமெண்டைக் கூட்டினால் பிடிப்பு அதே அளவில் கூடுவதில்லை, கசிவுதான் கூடுகிறது.

சரி, ஆபத்துக்கு வருவோம். மறைக்காமல் சொல்ல வேண்டிய பகுதி இது. முதலாவது கசிவு. முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளுக்கு வால்வு கிடையாது. இரத்தம் எந்தப் பக்கமும் போகும், சிமெண்டும் போகும். ஒரு மெல்லிய கோடாகச் சிரைக்குள் இறங்கி, பெரிய சிரை வழியாக நுரையீரலுக்குப் போய்த் துணுக்காகத் தங்கலாம். இப்படித் தங்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் வருவதில்லை, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும். ஆனால் அபூர்வமாக மூச்சுத் திணறலும், அதைவிட அபூர்வமாக உயிருக்கே ஆபத்தும் வந்திருக்கின்றன. பின்பக்கமாக நரம்புக் குழாய்க்குள் கசிந்தால் காலில் பலவீனம் வரலாம், உடனே திறந்து எடுக்க வேண்டியிருக்கும்.

அதனால்தான் சிமெண்ட் போகும்போது சி-ஆர்ம் எக்ஸ்ரேயைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே தள்ளுவோம். எலும்பின் பின்புறக் கால்பங்கை நெருங்கினால் நிறுத்திவிட வேண்டும். சிரையில் கோடு தெரிந்தால் நிறுத்தி, கொஞ்சம் கெட்டியாகும் வரை பொறுத்து, பிறகு வேண்டுமென்றால் மட்டும் தொடர வேண்டும். ஸ்க்ரூ போகும் வழியில் எலும்புச் சுவர் எங்காவது உடைந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் அந்த ஸ்க்ரூவில் சிமெண்டே வேண்டாம். நான்கில் மூன்றுக்கு மட்டும் போட்டேன் என்று டாக்டர் வந்து சொன்னால் குறை வைத்துவிட்டார் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் அது நல்ல முடிவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, சிமெண்ட் போகும் நேரத்தில் இரத்த அழுத்தமோ ஆக்சிஜனோ திடீரென்று இறங்கலாம். இடுப்பு மூட்டு மாற்றில்தான் இது அதிகம், ஆனாலும் நாங்கள் தள்ள ஆரம்பிக்கும் முன் மயக்க மருந்து டாக்டரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்போம். அம்மாவுக்கு இதயமோ நுரையீரலோ பலவீனமாக இருந்தால் இதைப் பற்றித் தனியாகவே அவரிடம் பேசுங்கள்.

மூன்றாவது சூடு. இறுகும்போது பி.எம்.எம்.ஏ. நன்றாகச் சூடாகும். எலும்பு செல்கள் 47 டிகிரி செல்சியஸை ஒரு நிமிடம் தாண்டினாலே பாதிக்கப்படத் தொடங்கும். ஆனால் சூடு அளவைப் பொறுத்தது. இடுப்பு மூட்டில் ஒரு முழு பாக்கெட் போகும். இங்கே இரண்டு மி.லி., அதுவும் உலோக ஸ்க்ரூவும் ஓடும் இரத்தமும் சூட்டை வாங்கிக்கொள்ளும். நரம்புக்குப் பக்கத்தில் கசியாத வரை நான் இதை நினைத்துப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

நான்காவது, கிருமி. பின்னாளில் அந்த இடத்தில் தொற்று வந்தால் ஸ்க்ரூவைக் கழற்றிவிடலாம், ஓட்டைகளில் சிமெண்ட் முறிந்து ஸ்க்ரூ வெளியே வந்துவிடும். உருண்டை உள்ளேயே இருக்கும். அதைத் தோண்டி எடுப்பது பெரிய வேலை. ஆகவே சிறுநீர்த் தொற்று, சொத்தைப் பல், கால் புண், கட்டுக்கடங்காத சர்க்கரை என்று எது இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு ஆபரேஷனுக்குப் போங்கள். இதில் அவசரம் காட்டவே காட்டாதீர்கள்.

இனி, எலும்பாகவே மாறும் சிமெண்ட். கேட்க இனிமையாக இருக்கிறது, எனக்கும் அதன்மேல் ஆசை உண்டு. கால்சியம் பாஸ்பேட் சிமெண்டை 1980களில் அமெரிக்காவில் பிரவுன், சௌ என்ற இருவர் உருவாக்கினார்கள். இதுவும் பல் ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். தண்ணீர் சேர்ந்தால் எலும்பின் தாதுவைப் போன்ற ஒன்றாக இறுகும். சுட்டெரிக்காது. காலப்போக்கில் உடம்பு இதை மெதுவாக அரித்து அந்த இடத்தில் எலும்பு போடும். குறை என்னவென்றால் இது சாக்பீஸ் மாதிரி. நேராக அமுக்கினால் தாங்கும், வளைத்தாலோ திருகினாலோ உடைந்துவிடும். முதுகில் ஸ்க்ரூவுக்கு வருவது வளைவும் ஆட்டமும்தான். இரத்தம் கசியும் இடத்தில் இறுகுவதற்குள் கரைந்துபோகவும் வாய்ப்பு உண்டு. கால்சியம் சல்பேட், அதாவது மாவுக்கட்டுக்குப் போடும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வகை, அதைவிட வேகமாகச் சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் கரைந்துவிடும். ஸ்க்ரூவுக்குத் தேவையான காலம் வரை நிற்காது.

இயற்கையான பொருள் என்றால் ஆபத்தில்லை என்ற நினைப்பும் தப்பு. அமெரிக்காவில் நோரியன் என்ற கால்சியம் பாஸ்பேட் சிமெண்டை, அதன் தாய் நிறுவனமான சிந்தஸ், முதுகெலும்பு முறிவுக்கு முறையான அனுமதி இல்லாமலே டாக்டர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தது. அந்த சிமெண்ட் இரத்தத்தில் கலந்தால் இரத்தம் உறைந்து கட்டியாகலாம் என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. 2003, 2004 வாக்கில் மூன்று நோயாளிகள் ஆபரேஷன் டேபிளிலேயே இறந்தார்கள். சிமெண்ட்தான் காரணம் என்று வழக்கில் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது, நான்கு அதிகாரிகள் 2011ல் சிறைத் தண்டனை பெற்றார்கள். இந்த வழக்கைப் படித்த நாளிலிருந்து எந்தப் புதுப் பொருள் வந்தாலும் எதற்கு அனுமதி வாங்கியிருக்கிறது என்று பார்க்காமல் நான் தொடுவதில்லை.

அதற்காக கால்சியம் பாஸ்பேட்டை ஒதுக்கிவிடவும் முடியாது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நசுங்கி உள்ளே பள்ளம் விழுந்தால் அதை நிரப்ப இது நல்ல பொருள், அங்கே வருவது நேரான அமுக்கம். இடுப்பு முறிவில் ஸ்வீடனில் மாட்சன், லார்சன் குழுவினர் சோதித்தார்கள். தொடை எலும்பின் மேல்பகுதி உடைந்தவர்களுக்கு ஸ்க்ரூவுடன் இதைச் சேர்த்தபோது வலி குறைந்தது. ஆனால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி உடைந்து விலகிய 118 பேரிடம் செய்து 2006ல் வெளியிட்ட ஆய்வில் எந்தப் பலனும் கிடைக்கவில்லை. ஒரே சிமெண்ட், ஒரே இடுப்பு, முறிவு இரண்டு அங்குலம் தள்ளியிருந்ததில் விடை மாறிவிட்டது. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்டது நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்த எலும்பில், எந்த முறிவுக்கு என்று கேட்கச் சொல்கிறேன்.

இடுப்பு முறிவுக்கு ராடு போடும்போது அதன் பிளேடு நுனியிலும், தோள் முறிவுக்கு பிளேட் போடும்போது ஸ்க்ரூ நுனிகளிலும் பி.எம்.எம்.ஏ. வைக்கிறார்கள். தோளில் ஒரு ஸ்க்ரூவுக்கு அரை மி.லி. மட்டுமே. அங்கே முக்கிய விதி இரண்டு: மூட்டுக்குள் ஓட்டை இல்லை என்று முதலில் சாயம் செலுத்திப் பார்ப்பது, உடைந்த இரண்டு துண்டுகளுக்கு நடுவில் சிமெண்ட் போகாமல் பார்ப்பது. நடுவில் போனால் எலும்பு சேரவே சேராது.

இணையத்தில் தேடினால் 'முதுகுக்கு சிமெண்ட் போடுவதில் பயனில்லை' என்று 2009ல் வந்த இரண்டு ஆய்வுகளைப் பற்றிப் படிப்பீர்கள். அவை வேறு. நொறுங்கிய முதுகெலும்புக்குள் வலி குறைவதற்காக சிமெண்ட் மட்டும் செலுத்தும் முறை அது. பிரான்சில் 1984ல் கலிபெர், தெரமோன் இருவரும் முதலில் செய்தது. அந்த ஆய்வுகளில் போலி ஊசி போட்டவர்களுக்கும் அதே அளவுக்கு வலி குறைந்தது. அம்மாவுக்குப் போடுவது வலிக்காக அல்ல, ஸ்க்ரூவுக்காக. அந்த விடையை இதற்குப் பொருத்த முடியாது.

சிமெண்டைவிட முக்கியமானது என்று நான் நம்புவது எலும்புக்கான மருந்து. பலர் சிமெண்ட் போட்டாயிற்று, எலும்பு வலுவாகிவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். வலுவானது நான்கு இடத்தில் ஒரு நெல்லிக்காய் அளவு இடம். மற்ற எலும்பெல்லாம் மைனஸ் 3.2தான். சிமெண்ட் இறுகிய எலும்புக்கு மேலே உள்ள மெலிந்த எலும்பு அடுத்துச் சரியலாம். வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, பாராதைராய்டு எல்லாம் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். தெரிபாரடைடு என்ற ஊசி தினமும் வயிற்றில் போட்டுக்கொள்வது, பொதுவாக இரண்டு வருடம் வரை. புது எலும்பை வளர்க்கும் மருந்து. ஜப்பானில் நடந்த ஆய்வுகளில் இதைப் போட்டவர்களுக்கு ஸ்க்ரூ தளர்வது குறைந்திருக்கிறது. ஆபரேஷன் அவசரம் இல்லை என்றால் முன்பே தொடங்குவது நல்லது. விலை கட்டுப்படியாகாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை சிரையில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் இருக்கிறது. இடுப்பு முறிந்தவர்களிடம் 2007ல் வந்த பெரிய ஆய்வில் இது புது முறிவுகளை 35 சதவீதமும் மரணத்தை 28 சதவீதமும் குறைத்தது. சிறுநீரகமும் பல்லும் பார்த்துவிட்டுத்தான் இதைப் போட வேண்டும்.

உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியதை நான் என்றால் இப்படிக் கேட்பேன்: சிமெண்ட் இல்லாமல், கொஞ்சம் பருமனான, நீளமான ஸ்க்ரூவோ, மேலே கீழே ஒரு எலும்பு சேர்த்தோ போட்டால் நிற்காதா? அவர் யோசித்துத்தான் சிமெண்டுக்கு வந்தாரா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும். மைனஸ் 3.2 என்றால், நேரில் பார்க்காமல் சொல்கிறேன், நானும் அனேகமாக சிமெண்ட் பக்கம்தான் போவேன்.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், அம்மா எப்போது நடக்கலாம், தரையில் உட்காரலாம் என்று. சிமெண்ட் தியேட்டரை விட்டு வெளியே வருவதற்குள் முழுதாக இறுகிவிடும், அதற்காகப் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களை அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ எழுப்பி நடக்கவிடுவோம். ஆனால் இரண்டு எலும்பும் ஒன்றாகச் சேர ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் ஆகும். அதுவரை கீழே உட்கார்ந்து காய் நறுக்குவதும், குனிந்து கோலம் போடுவதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும் வேண்டாம். மேஜையும் நாற்காலியும் வாங்கி வையுங்கள், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடியுங்கள். மூன்றாவது மாத எக்ஸ்ரேயைத் தவறவிடாதீர்கள், ஸ்க்ரூவைச் சுற்றி அந்தக் கறுப்பு வளையம் வருகிறதா என்று அதில்தான் முதலில் பார்ப்பார்கள்.